பதினாலு புது காசெட்

மெட்ராஸ் கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தை மூன்றாவது முறையாகப் படிக்கச் சொல்லி மகள் தேவகியிடம் நீட்டினார் விழுப்புரத்தில் டிவி, ரேடியோ கடை வைத்திருந்த சக்கரபாணி. மூன்றாவது முறையும் அதில் அதேதான் இருந்தது. டிவியில் போட்டு ஆடும் கேம் காசெட், புதுசு, பதினாலு. மார்ச் முப்பத்தொன்றுக்குள் விற்றாக வேண்டும். இல்லாவிட்டால் விழுப்புரம் ஏஜென்சி வேறு ஆளுக்குப் போய்விடும்.

"கேட்டுக்க பாப்பா. கடை இருந்தா நீ காலேஜு. இல்லன்னா தையில வந்து கேட்டுட்டுப் போனாளே உங்க அத்தை, அவ புள்ளைக்கே முடிச்சிட வேண்டியதுதான்."

வரப்போகிற பிளஸ் டூ பரீட்சைகூடத் தேவகியை இப்படி மிரட்டியதில்லை. அத்தை மகன் சீனுவாசன் கெட்டவன் இல்லை. மயிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்தான். மல்லாட்டை தவிர வேறு எதைப் பற்றியும் அவன் பேசி யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

கடையில் மாசம் நாலு காசெட் எப்படியோ போய்க்கொண்டிருந்தது. மற்றபடி விழுப்புரத்தில் டிவி கேம் வைத்திருந்த வீடெல்லாம் திண்டிவனத்துக்குத்தான் பஸ் ஏறின. அங்கே பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் கண்ணையன் என்பவர் செகண்ட் ஹேண்ட் காசெட் விற்றார். நூறுக்கு விற்பார், ஆடிச் சலித்ததும் அறுபதுக்குத் திரும்ப எடுப்பார், அதையே அடுத்தவனுக்கு எண்பதுக்குத் தள்ளுவார். ஒரே காசெட் பத்து வீட்டுச் சோறு தின்றுவிடும்.

கண்ணையனைக் கம்பெனிக்காரன் வயிற்றில் அடிக்கிற பாவி என்பார் சக்கரபாணி. தன் கடைக்கு வந்தால் அவனுக்கு ஒரு பேட்டரிகூட விற்கமாட்டேன் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

கடிதம் வந்த மறுநாள் முண்டியம்பாக்கத்திலிருந்து பச்சைமுத்து என்ற விவசாயி மகனுக்காகக் கடையேறினார். புது காசெட்டைத் திருப்பி, மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பது போல அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"இது ஓடுமா?"

"பெட்டியே பிரிக்கலிங்க. புத்தம் புதுசு," என்றாள் தேவகி.

"அதாம்மா கேக்கறேன். ஏர்ல பூட்டிப் பாக்காத மாட்டை ஓட்டிக்கினு போயி நான் என்னா பண்றது? திண்டிவனத்துலன்னா நாலு வூட்ல ஓடுனதா பாத்துக் குடுக்கறான்."

அவர் திண்டிவனம் பஸ்ஸைப் பிடிக்கப் போனார். தேவகி ஒரு அட்டையை எடுத்து, நோட்டுப் புத்தகத்துக்கு எழுதும் அதே அழகான கையெழுத்தில், 'பழைய காசெட் போட்டால் டிவி வெடிக்கும்' என்று எழுதிக் கடை வாசலில் மாட்டினாள்.

பலன் உடனே தெரிந்தது. விழுப்புரம் பெண்கள் கேம் பெட்டியையே பரண் மேல் ஏற்றினார்கள். அவசரமாகக் காசெட்டை விற்க ஓடியவர்களால் கண்ணையன் கடை நிரம்பி, எண்பது ரூபாய் விலை ஐம்பதானது. பயந்துபோன தேவகி அட்டையின் கீழே 'புதுசு வெடிக்காது' என்று சேர்த்தாள். ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு அம்மா அதை நின்று படித்தார்.

"அப்ப வெடிக்கறதும் இருக்குதுன்னு நீங்களே ஒத்துக்கறீங்க," என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

மார்ச் பிறந்தது. கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் தேவகிக்கு ஒரே வழிதான் தோன்றியது. பழசு கிடைப்பதால்தானே புதுசு போகவில்லை? பழசே இல்லாமல் செய்துவிட்டால்?

சக்கரபாணி மகளைப் பெருமையோடு பார்த்தார். மனைவி கிருஷ்ணவேணியின் வளையல் இரண்டையும் அடகு வைத்துவிட்டுத் திண்டிவனம் போனார். ஒன்று விடாமல் வேண்டும் என்றார். பத்து வாங்கியதுமே கண்ணையன் விலையை ஏற்றினார். இருபதில் மறுபடி ஏற்றினார். சக்கரபாணி அசரவில்லை. இனிமேல் இந்த வியாபாரமே செய்யக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, அதற்கும் தனியாக ஒரு தொகை கொடுத்து, நாற்பத்து மூன்று காசெட்டை இரண்டு சாக்கில் கட்டி பஸ் ஏறினார். கண்டக்டர் சாக்குக்கு லக்கேஜ் போட்டான்.

இனி ரெண்டு ஊரிலும் காசெட் விற்பது நான் ஒருத்தன்தான் என்று வீட்டில் கேசரி செய்யச் சொன்னார்.

ஒரு வாரம் போனது. ஒருவரும் வரவில்லை. இரண்டாவது வாரம் மூன்று பேர் வந்தார்கள், பழைய காசெட்டை எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்க. முடியாது என்றதும், பிடிக்கவில்லையென்றால் தள்ளிவிட இடமில்லாத சாமானை யார் வாங்குவார்கள் என்று அவர்களே நியாயம் சொல்லிவிட்டுப் போனார்கள். வழக்கமாகப் போகும் நாலுகூட அந்த மாசம் போகவில்லை. பதினாலில் பதினாலும் அப்படியே இருந்தன. அத்தை ஜாதகத்தோடு வருகிற ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். தேவகிக்குக் காபி வாசனையிலேயே மல்லாட்டை நாற்றம் அடித்தது.

இருபத்தொன்பதாம் தேதி அப்பாவும் மகளும் திண்டிவனத்தில் இறங்கினார்கள். கண்ணையன் சத்தியத்தை மீறிக் கள்ளத்தனமாக விற்கிறான் என்பதில் சக்கரபாணிக்குச் சந்தேகமே இல்லை. கடை காலியாகக் கிடந்தது. உள்ளே கண்ணையன் மனைவி முனியம்மாள் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கிடைத்த பணத்தில் வீட்டுக்காரர் மீன்பிடிப் படகில் பங்கு பேச மரக்காணம் போயிருக்கிறார் என்றாள்.

"பொய் சொல்லாதம்மா. அந்தாளு எங்கியோ பழசை ஒளிச்சு வச்சி வித்துக்கினு இருக்கறான். இல்லன்னா மாசம் நாலு போய்க்கினு இருந்த என் கடையில ஒண்ணுகூடப் போகலியே, எப்படி?"

முனியம்மாள் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அவரே வந்தா நீங்க குடுக்கமாட்டீங்கன்னு, மாசாமாசம் நாலு பேருக்கு பஸ் சார்ஜ் குடுத்தனுப்பி உங்க கடையில புதுசு வாங்கியாறச் சொன்னதே அவருதாங்க, ரெண்டு ஊர்லயும் உங்களுக்கு இருந்த ஒரே கிராக்கியை நீங்களே காசு குடுத்துக் கடையை மூட வச்சிட்டீங்களே."