இல்லை வக்கீல்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் அவர் அளவுக்கு யாரும் யாரையும் வெறுப்பேற்றியது கிடையாது. மாஜிஸ்திரேட், போலீஸ், சக வக்கீல்கள், அவரை நம்பி வந்த கட்சிக்காரர்கள் என்று யாருக்கும் பாரபட்சம் காட்ட மாட்டார். அவருடைய பெயர் அறை வாசல் போர்டில் இருக்கிறது. யாரும் அதைப் படித்ததில்லை. எல்லோருக்கும் அவர் ‘இல்லை வக்கீல்’. அவரோடு ரொம்ப வருஷமாக ஒரே அறையில் குப்பை கொட்டுகிற வக்கீல் என்ற முறையில் சொல்கிறேன், பொருத்தமான பெயர்தான்.

சின்னக் கேஸ்களுக்கு எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா என்று மாஜிஸ்திரேட் கேட்பார். செய்தவன், செய்யாதவன் எல்லோரும் தலையாட்டிவிட்டு, அபராதத்தைக் கட்டி, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேர்வார்கள். வாய்தா வாய்தாவாக அலைவதற்கு இது மேல் என்பது ஊர் நியாயம். இவருக்கு அதைக் கேட்டாலே உடம்பெல்லாம் எரியும். கட்சிக்காரன் வாயைத் திறப்பதற்குள் “இல்லை” என்று இவரே கத்திவிடுவார்.

தன் கட்சிக்காரனோடு நிறுத்தினாலாவது பரவாயில்லை. ஹெல்மெட் கேஸில் நின்ற கிருஷ்ணன்கோவில் காலேஜ் வாத்தியார் ஒருவருக்கும் பின் பெஞ்சிலிருந்து ஒரு “இல்லை” போட்டார். வாத்தியார் கையெடுத்துக் கும்பிட்டார். “நான் போடலதான் சார். என்னைய விட்ருங்க, கிளாஸ் இருக்கு.” மாஜிஸ்திரேட் எழுந்து உள்ளே போய்விட்டார். சிரிக்கத்தான் போனார் என்பது எல்லோருக்கும் தெரியும். பெண் பார்க்கப் போன இடத்தில் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கும் இவர் பழக்கதோஷத்தில் “இல்லை” என்றாராம். அவர் வீட்டம்மா இன்றுவரை சொல்லிக்காட்டுவார்.

அந்தோணி கேஸ் வருகிறவரை எங்களுக்கு இவர் ஒரு வேடிக்கைதான்.

அந்தோணி மம்சாபுரத்துக்காரன். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை. குடோனிலிருந்து ஒரு மோட்டார் காணாமல் போக, கடைசியாகக் கதவைப் பூட்டியவன் என்று இவனைப் பிடித்துப் போனார்கள். மோட்டாரும் கிடைக்கவில்லை, பார்த்த சாட்சியும் கிடையாது. ஜாமீன் கொடுத்தார்கள். ஆனால் ஜாமீன் நிற்க, வீட்டு வரி ரசீதோடு இரண்டு பேர் வேண்டும். திருட்டுக் கேஸ் என்றதும் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் காய்ச்சல் வந்துவிட்டது. அவன் உள்ளேயே கிடந்தான். விசாரணை நடந்தால் விடுதலை நிச்சயம், பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்று இவர் ஜெயிலுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

அதற்குள் அவன் அம்மாவை, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வாய்தா அன்று கோர்ட் வராந்தாவில் அந்தோணி சொன்னான்: “நான் ஒத்துக்கிடுறேன் சார். உள்ள இருந்த நாளையே தண்டனையாக் கழிச்சு, இன்னைக்கே விட்ருவாகளாம்.”

இவர் பதறிப்போனார். செய்யாத திருட்டை ஒத்துக்கொண்டால் ஆயுசுக்கும் அந்தப் பெயர் போகாது, மில்லிலும் சேர்க்க மாட்டார்கள் என்று படபடவென்று பேசினார். போலீஸ் காவலோடு போய் அம்மாவைப் பார்த்துவர மனுப் போடுகிறேன் என்றார்.

“போலீசோட போயி நின்னா எங்கம்மா அதப் பாத்தே செத்துப்போவும் சார். நான் தனியாப் போவணும். கூட இருந்து கஞ்சி ஊட்டணும்.”

இவர் மனு எழுத எடுத்த பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். பிறகு சொன்னார்: “ஏலே, ஒத்துக்கிடுறதும் ஒத்துக்கிடாததும் உன் உரிமை. அதுல நான் கை வைக்க முடியாது.”

உள்ளே மாஜிஸ்திரேட் கேள்வியைக் கேட்டுவிட்டு, பழக்கத்தில் இவர் முகத்தைப் பார்த்தார். கோர்ட்டே பார்த்தது. இவர் மேசை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வாயை மூடி நின்றார். அந்தோணி, “நான்தான் எடுத்தேன் ஐயா” என்றான். யாராவது மிரட்டினார்களா என்று மாஜிஸ்திரேட் விசாரித்ததற்கு, தன் இஷ்டப்படிதான் சொல்கிறேன் என்றான். அன்று சாயங்காலமே விட்டுவிட்டார்கள். சில நாள்தான் என்றாலும், அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டினான்.

அறைக்கு வந்த இல்லை வக்கீல் கோட்டைக்கூடக் கழற்றாமல் குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்குத் தாங்கவில்லை. டீ வாங்கி வைத்தேன். அவர் தொடவில்லை.

அவர் பயந்தபடியேதான் ஆயிற்று. அந்தோணியை மில்லில் சேர்க்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் ஒரு சைக்கிள் காணாமல் போனாலும் முதலில் அவனைத்தான் தேடுகிறார்கள். திருட்டு என்று காதில் விழுந்த உடனே இவர் கையிலிருக்கிற கேஸ் கட்டை அப்படியே போட்டுவிட்டு மம்சாபுரத்துக்கு ஸ்கூட்டரை விரட்டுகிறார். போலீஸ் ஜீப் வந்து சேரும்போது அந்தோணி வீட்டு வாசலில் கறுப்புக் கோட்டோடு உட்கார்ந்திருக்கிறார்.

நேற்றும் கொட்டுகிற மழையில் போய்விட்டு வந்தார். அவர் கோட்டை என் நாற்காலியில் காயப்போட்டிருக்கிறேன்; பெஞ்சில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.