கொம்பியூட்டர் சாமியாரின் தபால்

2007ஆம் ஆண்டு. கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் காலையிலேயே வரிசை. மண்ணெண்ணெய்க்கா? இல்லை, காணாமல் போனவர்களின் கடிதத்துக்கு! கொம்பியூட்டர் சாமியார் மந்திரம் சொல்லி ஒரு விசையைத் தட்டினால் கடிதம் தானாகத் திறக்குமாம். மேசையில் பிள்ளையார், மாதா, பிறை மூன்றும் இருந்தன. எந்த மதத்துக் கண்ணீரும் அங்கே செல்லும்.

கொட்டாஞ்சேனை ஐறீன் தன் அக்கா செலீனுக்குத் துணையாக வந்தவள். துறைமுகக் கந்தோரில் டைப்பிஸ்ட். அக்காவின் கணவர் றேமண்டை வெள்ளை வானில் வந்த ஆட்கள் கடத்திக்கொண்டு போய் நான்கு மாதம். அதற்குள் அவர் பெயரில் இங்கே மூன்று கடிதம் வந்துவிட்டது. காணிக்கையாக அக்காவின் மூன்று தங்கக் காப்பும் போய்விட்டது. அதைவிடக் கொடுமை, சாமியாரின் கட்டளை: "பொலிசில முறைப்பாடு குடுத்தால் கடிதம் நிண்டுபோகும்." செலீன் இன்றுவரை எங்கும் வாய் திறக்கவில்லை.

சாமியார் திரையைத் தன் பக்கம் திருப்பி எதையோ தட்டினார். பிறகு சனத்தின் பக்கம் திருப்பினார். திரையின் உச்சியில் விரலகலத்துக்குத் திருநீறு. எந்திரத்தின் நெற்றியாம்! விசையைத் தட்டினார். கடிதம் திறந்தது.

"செலீன், நான் உயிரோட இருக்கிறன். சாமி சொல்லுறபடி செய்."

ஆங்கில எழுத்தில் தமிழ். தெய்வத்துக்கும் தமிழ் எழுத்துப் போடத் தெரியவில்லை போலும். செலீன் திரையைத் தொட்டு அழுதாள். ஐறீன் மேசைக்கு முன்னால் வந்தாள்.

"சாமி, ரெலிபோன் வயரைக் கழட்டிப்போட்டு அடியுங்கோ. வெளியில இருந்து வாற கடிதம், வயர் இல்லாமல் வராதுதானே?"

"தெய்வத்தைச் சோதிக்கக் கூடாது பிள்ளை!"

ஐறீன் தானே வயரைப் பிடுங்கினாள். விசையைத் தட்டினாள். அதே கடிதம், அதே கண்ணீர் வாசகம்!

சேலைத் தலைப்பால் திருநீற்றைத் துடைத்தாள். இணையப் பக்கத்தின் முகவரி எழுதும் இடத்தில் முழுக் கடிதமும் படுத்துக் கிடந்தது.

"பாருங்கோ. இதில 'மெயில்டூ' எண்டு அடிச்சு, பின்னால எதை எழுதினாலும் மெஷினுக்குள்ள இருக்கிற ஈமெயில் புறோகிராம் அதைக் கடிதமாத் திறக்கும். கந்தோரில நான் ஒவ்வொரு நாளும் செய்யிற வேலை."

அழித்துவிட்டுப் புதிதாக அடித்தாள். கடிதம் திறந்தது: "நான் கள்ளன். இப்படிக்கு, சாமியார்."

"அப்ப என்ர மகன்ர கடிதமும் நீ எழுதினதோ?" என்று காத்திருந்தவர்களில் நாகமணி என்ற பெரியவர் எழுந்தார். சாமியார் பின்கதவுக்குப் பாய்ந்தார். அங்கே இரண்டு தாய்மார் ஏற்கெனவே நின்றார்கள்.

"அப்ப றேமண்ட் எங்கயடி?" செலீன் தங்கையின் கையைப் பிடித்துக் கேட்டாள்.

"தெரியாது அக்கா. கேக்க வேண்டிய இடத்தில கேப்பம். வாங்கோ."

அன்றைக்கே பதினொரு குடும்பங்கள் முறைப்பாடு எழுதக் கிளம்பின. மற்றவர்கள் அடுத்த சாமியாரின் விலாசத்தை விசாரித்தார்கள். கடிதத்தை எழுதியவன் யார் என்று கேட்கத் தெரியாத சனமே, ஆளைக் கொண்டுபோனவன் யார் என்று எப்போது கேட்பாய்?