நாலாவது கலண்டர்

இல்லை அண்ணை, பொறாமை இல்லை. பொறாமை பிடித்தவள் இவ்வளவு நிதானமாக, கோடுபோட்ட தாளில், ஓரம் விட்டு எழுதுவாளா?

முறையை மறந்துவிட்டேன். பாரிசில் இருக்கும் அன்புள்ள கொலின்ஸ் அண்ணைக்கு, குருநகரிலிருந்து தங்கை றொசாந்தி. மாதாவின் காவலில் இங்கே நாங்கள் சுகம். அம்மா சுகம். அம்மாவின் முழங்கால் நோவும் குறைவில்லாமல் சுகமாக இருக்கிறது. அங்கே நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் குளிருக்குள் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வட்சப்பில் எழுதியிருக்கலாம். குடும்பக் குழுவில் ஜெசிதா இருக்கிறாள். தனியே எழுதினால் நீங்கள் ஒரு கட்டைவிரல் மட்டும் அனுப்புவீர்கள். கனிசியஸ் மாமா வியாழக்கிழமை அங்கே பறக்கிறார். பார்சலோடு இதையும் கொண்டுவருவார்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடை அலுமாரியில் ஒரு தட்டு காலியாகிறது. ஊரிலிருந்து ஒரே ஒரு றால் சம்பலுக்குத்தான் அதில் இடம். என்னுடையதா, மாமாவின் மகள் ஜெசிதாவுடையதா? "நீ சந்தைப்படுத்தல் படிச்சனி, நீயே நேர்மையாச் சொல்லு" என்றீர்கள். தங்கையையும் மச்சாளையும் தராசில் ஏற்றிவிட்டு, தராசையும் தங்கையின் கையில் கொடுத்தீர்கள்.

நேர்மையாகச் சொல்கிறேன். என்னுடையது.

காரணம் வேண்டுமல்லவா. முதலில் என்னுடைய முறை. பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் படித்தது. எங்கள் மீன்சந்தையில் சூடை ஒரு கூறு, திரளி ஒரு கூறு என்று பிரித்து வைப்பார்கள் இல்லையா, அதுபோல வாங்குகிற ஆட்களைப் பிரிக்கவேண்டும். வயது, வருமானம், படிப்பு, வாழும் விதம். பிறகு ஒவ்வொரு கூறுக்கும் தனிப் பேச்சு, தனி வழி. நான் நான்கு கூறு போட்டேன். நான்கு லேபல் அடித்தேன். 'அலை பாரம்பரியம்' மண்ணிறம். 'அலை இளமை' செம்மஞ்சள். 'அலை ஆரோக்கியம்' பச்சை. 'அலை புலம்' நீலம்; அது உங்களுக்காக, மூலையில் ஒரு விமானத்தோடு. விமானம் கொஞ்சம் சூடை மீன்போல இருக்கிறது. பரவாயில்லை. நான்கு போத்தலுக்குள்ளும் ஒரே தாச்சியில் வறுத்த ஒரே சம்பல்தான். அதுதான் உத்தி.

ஜெசிதாவின் லேபல் வெள்ளைத் தாள். 'ஜெசிதா. றால் சம்பல்.' கீழே போன் இலக்கம், பேனாவால். கதை இல்லை. நிறம் இல்லை. ஓ.எல்.லோடு படிப்பை நிறுத்தியவள். ஒருநாள் ஒழுங்கையில் மறித்துக் கேட்டேன், உன்னுடைய இலக்குச் சந்தை எது என்று. சைக்கிளில் இருந்தபடி ஒரு காலை ஊன்றி யோசித்தாள்.

"சாப்பிடுற ஆக்கள், மச்சாள்."

"அது கூறு இல்லையடி. எல்லாரும்தானே சாப்பிடுகினம்."

"எல்லாரும் எல்லா நாளும் சாப்பிடுறேல்லை" என்றுவிட்டு மிதித்துக்கொண்டு போனாள்.

சிரித்தேன். நான் படிப்பிக்கிற கல்வி நிலையத்திலும் சொல்லிச் சிரித்தேன். நாற்பது பிள்ளைகளும் சிரித்தார்கள்.

அது போன ஆவணி. அந்தச் சிரிப்போடுதான் நான் உரும்பிராய்க்குப் பஸ் ஏறினேன், என் அட்டவணைப்படி முதலாம் கூறு அங்கேதான் அடர்த்தி, படித்த, ஓய்வூதியம் பெறுகிற, சொந்த வீட்டுக் குடும்பங்கள், அதில் முதல் வீடு சோமசேகரம் மாஸ்டருடையது, நான் படலையைத் தட்டி, மண்ணிறப் போத்தலைத் திறந்து, ருசி பார்க்கக் கரண்டியும் எடுத்து நீட்டியபடி நிற்க, அவர் நெற்றி நிறைய விபூதியோடு வெளியே வந்து போத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இரண்டடி பின்னால் போனார்.

"பிள்ளை, இண்டைக்கு நல்லூரிலை எத்தினையாம் திருவிழா?"

"பதினெட்டு, சேர்."

"தெரிஞ்சுகொண்டே றாலோடை வந்து நிக்கிறாய்?"

"ஓம், சேர்."

"மூடியைப் பூட்டு பிள்ளை. மனுசி பூசைக்குப் பூப் புடுங்கிறாள்."

எனக்குத் தெரியும், அண்ணை. யாழ்ப்பாணத்தில் பிறந்த யாருக்குத்தான் தெரியாது, நல்லூரில் கொடி ஏறினால் இருபத்தைந்து நாளும் அந்த வீடுகளில் மீன் மச்சம் இல்லையென்று. ஆனால் என் அட்டவணையில் அதற்கு ஒரு நிரல் இல்லை. அட்டவணையில் இல்லாதது அன்றைக்கு எனக்கு உலகத்திலும் இல்லை. அந்த ஒழுங்கையில் இன்னும் பதினொரு படலை தட்டினேன். ஒரு வீட்டில் நாயைத் தவிர யாரும் மணந்து பார்க்கவில்லை.

திரும்பும்போது மாஸ்டர் படலையடியில் நின்று, இரக்கப்பட்டுச் சொன்னார். "குருநகரிலை ஜெசிதா எண்டு ஒரு பிள்ளை இருக்கு, தெரியுமோ? கொடியேறின அண்டே போன் எடுத்தது. 'சேர், இனி உங்கடை பக்கம் வரமாட்டன், எல்லாம் முடிஞ்ச அடுத்தநாள் காலமை ஆறு மணிக்குப் படலையிலை போத்தில் தொங்கும்' எண்டு. மனுசி இப்பவே நாள் எண்ணுறாள்."

விற்காமல் இருப்பதைப் போன் எடுத்துச் சொல்கிறாள். அதற்கு நன்றியும் வாங்குகிறாள். இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

அடுத்தது இன்னும் மோசம். இந்த வருடம் முஸ்லிம்களின் நோன்பும் எங்கள் தவக்காலமும் ஒரே கிழமையில் தொடங்கின. நான் அப்போது பச்சை லேபலோடு ஆரோக்கியக் கூறைத் தேடிக்கொண்டிருந்தேன். புத்தளத்திலிருந்து திரும்பி வந்து சோனகதெருவில் வீடு திருத்தி இருக்கும் றஹ்மத்தும்மாவுக்கு இரத்த அழுத்தம் என்று கேள்விப்பட்டு, சரியான ஆள் என்று நினைத்து, பகல் பன்னிரண்டரைக்கு அவருடைய வாசலில் கரண்டியை நீட்டினேன்.

"நோம்பு தொறக்க இன்னும் ஆறு மணித்தியாலம் கெடக்கு மகள்" என்றார். கோபமில்லை. அதுதான் சுட்டது. "கரண்டிய உள்ளுக்கு வைங்க. வெயில்ல நிக்காம வந்து இரிங்க."

இருந்தேன். மேசையில் வெள்ளைத் தாள் ஒட்டிய போத்தல். நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"ஜெசிதா புள்ள நோம்புக்கெண்டு தனியாச் செஞ்சு தந்த. உப்பும் கொறவு, ஒறப்பும் கொறவு. விடிய முந்தி சஹருக்குச் சோத்தோட ரெண்டு கரண்டி திண்டா, பகல்ல தண்ணி விடாய்க்காது."

நான் ஒரே சம்பலுக்கு நான்கு லேபல் ஒட்டினேன். அவள் ஒரே லேபலுக்குள்ளே வேறு வேறு சம்பல் வைத்திருக்கிறாள். ஆரோக்கியம் என்று ஒரு எழுத்தும் எழுதாமல்.

சரி, எங்கள் சனமாவது. அடுத்த வீட்டு லூர்த்தம்மா மாமியிடம் போனேன். தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லை, அப்போது றால் ஓடும் என்பது என் கணிப்பு. இந்த முறை நிரல் போட்டுத்தான் போனேன்.

"இந்த நாப்பது நாளும் எனக்குச் சம்பல் இல்லைப் பிள்ளை" என்றார் மாமி. "ஜெசிதான்ரை சம்பலை விட்டிருக்கிறன். ஒறுத்தல்."

"சம்பலை விடுறது ஒரு ஒறுத்தலோ, மாமி?"

"எடியே, போன வருசம் ரீவி நாடகத்தை விட்டனான். அது சுகம். இது நித்திரையிலையும் மணக்குது."

யோசித்துப் பாருங்கள் அண்ணை. ஒருவர் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கிற அளவுக்கு ஒரு சம்பல். உலகத்தில் எந்த நிறுவனமும் இப்படி ஒரு வாடிக்கையாளரை அளந்ததில்லை. எனக்கு அன்றைக்கு அந்த இடத்தில், நெஞ்சுக்குக் கீழே, ஏதோ புகைந்தது. பொறாமை அல்ல. வாயுவாக இருக்கலாம்.

"அப்ப என்ரையை வாங்குங்கோவன், மாமி."

மாமி கொஞ்சம் யோசித்தார். "உன்ரையோ? அது பரவாயில்லை. அதிலை ஒறுத்தல் முறியாது."

அந்த மாதம் நான் விற்ற ஒரே போத்தல் அது.

அதற்குப் பிறகுதான் ஜெசிதாவின் குசினிக்கு நேரே போனேன். போட்டியாளர் ஆய்வு. சுவரில் மூன்று கலண்டர் வரிசையாகத் தொங்கின. ஒன்று பங்குக் கோவிலில் தந்தது. ஒன்று பிள்ளையார் படம் போட்டு நாளுக்கு ஒன்றாகக் கிழிக்கிறது. ஒன்று பள்ளிவாசலில் கொடுக்கிற, தொழுகை நேரம் போட்டது. மூன்றிலும் நாட்களைச் சுற்றி வட்டம், வட்டத்துக்குள் பெயர்கள். மாஸ்டர். றஹ்மத்தும்மா. கந்தசட்டிக்கு நெல்லியடியில் ஒன்பது வீடு. லூர்த்தம்மா மாமியின் பெயர் தவக்காலம் முடிகிற பாஸ்கா ஞாயிறில், அடியில் 'பெரிய போத்தில்' என்று. இதைப் பார்த்துத்தான் அவள் கிழமைக்கு எவ்வளவு றால் எடுப்பது, எந்தத் தாச்சியில் எதை வறுப்பது, சைக்கிளை எந்தப் பக்கம் திருப்புவது என்றெல்லாம் முடிவெடுக்கிறாள். முழு வியாபாரமும் ஆணியில் தொங்குகிறது. நான் படம் எடுக்கவில்லை.

இப்போது அவளுடைய குறைகள். பக்கம் பார்த்து எழுதுகிறேன் என்று நினைக்கவேண்டாம்.

அவளுக்கு விளம்பரம் தெரியாது. ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை எனக்கு ஒரு போத்தல் சும்மா கொண்டுவந்து தருகிறாள். ஏனென்று கேட்டால் "சும்மா, மச்சாள்" என்கிறாள். குற்ற உணர்வாக இருக்கும். நான் அதை வீணாக்குவதில்லை. வகுப்புக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்து, லேபல் எப்படி இருக்கக்கூடாது என்பதற்கு ஒரு மணித்தியாலம் படிப்பித்தேன். மூடியைத் திறந்து சுற்றிக் கொடுத்தேன், உள்ளடக்கம் நன்றாக இருந்தும் பொதி எப்படிக் கெடுக்கிறது என்று விளங்கவேண்டுமே. அடுத்த கிழமை பதினான்கு பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டியில் அந்த மணம். மானிப்பாய் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒரு அன்ரிக்கு வழி முழுக்க விளங்கப்படுத்தினேன், இவ்வளவு நல்ல சம்பலை இப்படி மோசமாக விற்கிறார்களே என்று. அவர் மிகவும் ஒத்துக்கொண்டார். இறங்கும்போது போன் இலக்கத்தை எழுதிக்கொண்டு போனார். வங்கியில் வேலைசெய்யும் என் சிநேகிதி வித்தியாவுக்கும் போத்தலைக் கொண்டுபோய்க் காட்டித் திட்டினேன். இப்போது அந்தக் கிளை முழுவதும் வாங்குகிறதாம். நான் இல்லாவிட்டால் அவளுடைய விற்பனை என்னவாகும் என்று சில நேரம் யோசிக்கிறேன்.

அம்மாவைப் பற்றியும் சொல்லவேண்டும். என் சம்பலைச் சாப்பிட்டால் "நல்லாயிருக்குப் பிள்ளை" என்பார். அவளுடையதைச் சாப்பிட்டால் ஒன்றும் சொல்லமாட்டார். இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொள்வார்.

ஆகவே, அண்ணை, தட்டை எனக்குத் தாருங்கள். அவளுக்கு மாஸ்டர் இருக்கிறார், றஹ்மத்தும்மா இருக்கிறார், ஆண்டவரே இருக்கிறார். எனக்கு வீட்டில் முப்பத்தெட்டுப் போத்தலும் ஒரு அட்டவணையும். இந்தத் தட்டும் இல்லையென்றால் அடுப்பை மூடிவிடுவேன். பிறகு பிள்ளைகளுக்கு முன்னால் நின்று எந்த முகத்தோடு கூறு போடுவதைப் படிப்பிப்பது?

இருவருடைய போத்தலையும் அனுப்பச் சொன்னீர்கள். பார்சலில் இடம் போதவில்லை. என்னுடையது ஆறு வைத்திருக்கிறேன். ஜெசிதா மூன்று தந்தாள். இரண்டு இங்கே மேசையில் இருக்கின்றன. மற்றது ஆய்வுக்காக, பாணோடு, எடுக்கப்பட்டது.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளின் நெற்றியில் எனக்காகவும் ஒரு சிலுவை போடுங்கள். உங்கள் கடைக்கும் கைக்கும் ஒரு குறையும் வராமல் மாதா பார்த்துக்கொள்வாளாக.

பாசமுள்ள தங்கை,
றொசாந்தி

பி.கு.: பார்சலை ஒட்டுவதற்கு ரேப் முடிந்துவிட்டது. ஜெசிதாவிடம் வாங்கப் போனேன். "கதவுக்குப் பின்னாலை ஆணியிலை தொங்குது, எடு" என்றாள். கதவைச் சாத்தினேன். ரேப்புக்குப் பின்னால் இன்னொரு கலண்டர். நாலாவது. ஏதோ நகைக்கடையில் தந்தது. அதில் விரதமும் இல்லை, நோன்பும் இல்லை. எல்லா மாதத்திலும் முதல் சனிக்கிழமையில் மட்டும் வட்டம். மேலே ஏழு பெயர். முதலாவது என்னுடையது.

"இது ஆரடி?"

"உதோ?" தாச்சியைக் கிண்டுவதை அவள் நிற்பாட்டவில்லை. "உது வயித்தெரிச்சல்காரர்."

"என்ரை பேர் கிடக்கு."

"ஓம். மேலை கிடக்கு, பாத்தனியோ."

ரேப்பை ஆணியிலிருந்து எடுத்தேன். அவள் தொடர்ந்தாள். "விருப்பமான ஆக்கள் வாங்கித் திண்டுபோட்டுப் பேசாமல் இருப்பினம், மச்சாள். எரியிற ஆக்கள்தான் போத்திலைக் காவிக்கொண்டு ஊரெல்லாம் கதைப்பினம். மற்ற ஆறு பேரும் ஒரு மாசம் எரிஞ்சுபோட்டு மறந்திடுவினம். நீ படிச்சனி. விடமாட்டாய்."

"என்ரை பேரை வெட்டிவிடு."

"வெட்டினால் பிறகு ஆர் உந்த வகுப்புக்குக் கொண்டுபோறது?" என்றாள். பிறகு, கொஞ்சம் மெதுவாக, "ஏன் மச்சாள், கோவமோ?"

கோபமில்லை. நான்கு வருடம் படித்தும் எனக்குத் தெரியாத ஒரு கூறு, அதில் நானே முதல் ஆள். அட்டவணையில் இதற்கும் நிரல் இல்லை.

வீட்டுக்கு வந்து இந்தக் கடிதத்தைத் திரும்ப வாசித்தேன். எத்தனை பக்கம். அவளுடைய சம்பல் எப்படி மணக்கும், யார் யார் அதற்காக நாள் எண்ணுகிறார்கள், எல்லாம் இருக்கிறது. என்னுடையது என்ன ருசியென்று ஒரு வரியும் இல்லை. அண்ணை, இதை இதுவரை வாசித்த உங்களுக்கு எந்தப் போத்தலைத் திறக்க மனம் வரும் என்று எனக்குத் தெரியும். தட்டை அவளுக்கே கொடுங்கள். நேர்மையாகச் சொல்லச் சொன்னீர்கள், இது அது.

பிறகு பார்சலைத் திறந்தேன். என்னுடையதில் இரண்டை வெளியே எடுத்துவிட்டு, அவளுடைய இரண்டையும் நடுவில் வைத்து, அவள் தந்த ரேப்பால் ஒட்டினேன்.