‘கொஞ்சம் நகருங்க’ மனிதர்

வீட்டுக் கம்ப்யூட்டர் திணற ஆரம்பித்தால் அடுத்த விடுமுறை நாளுக்குள் வாசலில் வந்து நிற்கும் ஓர் இனம் இருக்கிறது. இவர்களை நாம் கூப்பிடுவதில்லை. சாப்பாட்டு மேஜையில் யாராவது, “சிஸ்டம் ரொம்ப ஹேங் ஆகுதுப்பா” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி வைத்தால் போதும். அந்தச் செய்தி சொந்தபந்தங்களின் தொலைபேசி வழியாக நாலு வீடு சுற்றி, சேரவேண்டியவர் காதில் போய்ச் சேர்ந்துவிடும். அவரும் வருவார். செருப்பைக் கழற்றியும் கழற்றாமலும் உள்ளே நுழைந்து, தன் இனத்தின் பெயரைத் தானே அறிவிப்பார்.

“கொஞ்சம் நகருங்க.”

நீங்கள் நகர்வீர்கள். உங்கள் வீடு, உங்கள் மேஜை, நீங்கள் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமாக்கிய நாற்காலி. இருந்தாலும் நகர்வீர்கள். ஏன் நகர்கிறோம் என்று ஒருநாளாவது யோசித்ததுண்டா?

இவருக்கும் கம்ப்யூட்டருக்கும் பிழைப்பு முறையில் எந்த ஒட்டும் உறவும் இருக்காது. நிஜமாகவே அந்த வேலை பார்ப்பவர்கள் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தால், தலைவலி என்று சொல்லி மொட்டைமாடிக்குப் போய்விடுவார்கள். நம்மவர் மருந்து விற்பனைப் பிரதிநிதியாக இருப்பார், அல்லது கண்ணாடிக் கடை நடத்துவார். என்றைக்கோ ஒருநாள் அலுவலகத்தில் பிரிண்டர் ஓடாமல் நின்றிருக்கும்; இவர் போய் பிளக்கை அழுத்திச் சொருகியிருப்பார்; அது ஓடியிருக்கும். நாலு பேர் ‘அட’ என்றிருப்பார்கள். அவ்வளவுதான், படிப்பு முடிந்தது.

இவருடைய வைத்தியத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் உட்கார்ந்து, எதையும் தொடாமல், திரையைப் பார்த்து நாக்கால் ஒரு ‘ச்’. அந்த ஒரு ‘ச்’சில் நீங்கள் இதுவரை வாழ்ந்த வாழ்க்கை முழுவதும் தப்பு என்று தெரிந்துவிடும். அடுத்தது விசாரணை.

“கடைசியா என்ன பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணலையே.”

“ஒண்ணும் பண்ணாம எப்படிங்க ஆகும்?”

பதில் சொல்ல முடியாத கேள்வி. ஒன்றும் பண்ணாததற்கு யாரிடம் சாட்சி இருக்கிறது? நீங்கள் தலையைத் தொங்கப்போட்டதும் அவர் மவுஸைப் பிடிப்பார், திரையில் சிதறிக் கிடக்கும் உங்கள் ஃபைல்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார், போகிற போக்கில் உங்கள் பழைய போட்டோ ஒன்றைத் திறந்து “அப்ப நல்லா இருந்திருக்கீங்க” என்பார், யாரும் கேட்காத ஒரு புரோகிராமை நீக்கி யாரும் கேட்காத இன்னொன்றை ஏற்றுவார், கடைசியில் எல்லாவற்றுக்கும் தாயான அந்தப் பொத்தானை அழுத்துவார். ரீஸ்டார்ட். வட்டம் சுற்றும். அவர் கையைக் கட்டிக்கொள்வார். திரை வெளிச்சமானதும், “இப்பப் பாருங்க” என்பார். பத்து நிமிஷத்துக்குக் கம்ப்யூட்டர் பறக்கும். அந்தப் பத்து நிமிஷத்துக்குள் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவதில்தான் இவருடைய உண்மையான திறமை இருக்கிறது.

என் அக்கா வீட்டுக்கு வாய்த்தவர் அவளுடைய கொழுந்தன், அதாவது அத்தானின் தம்பி. குளியலறை ஓடுகள் விற்கும் கடையில் மேலாளர். குடும்பத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் வழங்கும் பெயர் ‘ரீஸ்டார்ட்’. அத்தானுக்கு மட்டும் அவர் விஞ்ஞானி.

அக்காவுக்குத் தொழில், புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்வது. கண்ணால் படிக்க நேரமில்லாதவர்கள் காதால் கேட்கிறார்களே, அந்த ஆடியோ புத்தகம். பின்கட்டு அறையில் சுவருக்குக் கம்பளிப் போர்வை போர்த்தி, மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலை அடைத்து, வியர்த்து வழிய உட்கார்ந்து மைக்கில் வாசிப்பாள். ஒரு தடித்த நாவல், முப்பத்திரண்டு அத்தியாயம். முப்பத்தொன்றை அனுப்பிவிட்டாள். கடைசி அத்தியாயம்தான் பாக்கி. அதற்குள் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. ஒரு பக்கம் வாசித்தால் உறையும். ‘சேமிக்க இடம் இல்லை’ என்று வரும். எதையாவது அழித்து இடம் உண்டாக்கினால், மறுவாரம் அந்த இடமும் காணாமல் போயிருக்கும். நாவலின் வில்லி கத்தியோடு மாடிப்படி ஏறுகிறாள். பத்து நாளாக ஏறிக்கொண்டே இருந்தாள், மாடி வரவில்லை.

பதிப்பகத்து அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு தேதி வைத்தார். அன்று மாலை நாலு மணிக்குள் கடைசி அத்தியாயம் வரவில்லையென்றால், முழு நாவலையும் வேறு குரலில் முதலிலிருந்து பதிவு செய்துகொள்வார்கள். அதாவது அக்காவின் மூன்று மாத வியர்வைக்கு ஒரு வணக்கம்.

அன்றைக்குக் காலையில் எப்படியோ தவணை தவணையாக இரண்டு பக்கம் தவிர மற்றதெல்லாம் பதிவாகிவிட்டது. மத்தியானம் இரண்டு மணிக்கு மறுபடி உறைந்தது. இரண்டரைக்கு ரீஸ்டார்ட் வந்துவிட்டார். அத்தான்தான் அழைத்திருக்கிறார், அக்காவிடம் சொல்லாமல்.

“அண்ணி, கொஞ்சம் நகருங்க.”

அக்கா நகர்ந்தாள். நான் அப்போது போர்வைச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தேன், நானும் நகர்ந்தேன். எதற்கு என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

‘ச்’ ஆயிற்று, விசாரணை ஆயிற்று, ரீஸ்டார்ட் இரண்டு தடவை ஆயிற்று. இரண்டாவது தடவை கம்ப்யூட்டர் எழுந்து, பார்த்து, மறுபடி உறைந்தது. பத்து நிமிஷ மரியாதைகூடக் கொடுக்கவில்லை. அவர் முகம் கறுத்தது. இனத்தின் கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

“ஃபார்மேட் பண்ணிடலாம்.”

“அப்படின்னா?”

“எல்லாத்தையும் துடைச்சிட்டுப் புதுசா ஏத்துறது அண்ணி. பொறந்த குழந்தை மாதிரி ஆயிடும்.”

“காலையில பேசினது இதுக்குள்ளதான் தம்பி இருக்கு.”

“அதுக்கென்ன, திரும்பப் பேசிக்கலாம். உங்களுக்குப் பேசத்தானே வரும்.”

அத்தான் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. மணி மூன்று.

“அவன் சொன்னாக் கேளேன்” என்றார் அத்தான். “அவனுக்குத் தெரியாததா?”

“துடைக்கிறதுக்கு முன்னாடி வழக்கம்போல எல்லாத்தையும் ஒரு காப்பி எடுத்து வச்சிடறேன், ஒரு பாதுகாப்புக்கு” என்று சொல்லி, அக்கா ஆமாம் என்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். திரையில் ஒரு பச்சைக்கோடு நகர முயன்றது. நகரவில்லை. ‘இடம் இல்லை’ என்று வந்தது.

“பாருங்க, டிஸ்க்குக்கே வியாதி. இருக்கிற இடத்தை அதுவே தின்னுது.”

அக்கா குனிந்து பார்த்தாள். “எங்க காப்பி எடுக்கிறீங்க தம்பி?”

“இதுலதான்.”

“இதுல இருக்கிறதை, இதுலயேவா?”

“ஒரு பாதுகாப்புக்கு அண்ணி.”

“வழக்கம்போலன்னா, ஒவ்வொரு தடவை வரும்போதுமா?”

ஓடு விற்பவருக்குத் தரையைப் பார்க்கத் தெரியும், தரையைப் பார்த்தார்.

அக்கா மவுஸை நோக்கிக் கை நீட்டினாள். அவர் விடவில்லை. அப்போது அவள், முப்பத்தொரு அத்தியாயமாக வில்லிக்குக் கொடுத்து வந்த குரலில், தணிவாக, ஒவ்வொரு சொல்லாக வைத்துச் சொன்னாள்:

“தம்பி. கையை எடுங்க. கொஞ்சம் நகருங்க.”

விஞ்ஞானி எழுந்தே விட்டார்.

‘தொடாதீங்க’ என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. அவர் வைத்த பெயர். சொன்ன பேச்சைக் கேட்பவள் என்பதால் அக்கா ஒரு வருஷமாக அதைத் தொட்டதில்லை. இப்போது திறந்தாள். ‘பழசு’, ‘பழசு புதுசு’, ‘பாதுகாப்பு’, ‘பாதுகாப்பு இன்னொண்ணு’, ‘கடைசி’, ‘கடைசி நிஜமா’. ஆறு தடவை வந்திருக்கிறார், ஆறு. ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் அதற்கு முந்தியது முழுசாக உட்கார்ந்திருந்தது. அதன் வயிற்றில் அதற்கும் முந்தியது. அக்கா முதல் அத்தியாயத்தை ஒரே ஒரு முறைதான் வாசித்தாள். அது அங்கே எத்தனை இடத்தில் இருந்தது என்று எண்ணப் பார்த்து, நான் பாதியில் விட்டுவிட்டேன். வீட்டில் தீப்பிடித்துவிடுமோ என்று பயந்து, வீட்டுப் பத்திரத்துக்கு நகல் எடுத்து, அதே பீரோவில், அதே தட்டில், அந்தப் பத்திரத்துக்கு மேலேயே வைப்பார்களே, அப்படி. வியாதி முற்ற முற்ற வைத்தியர் அடிக்கடி வந்திருக்கிறார். வைத்தியர் வர வர வியாதி முற்றியிருக்கிறது.

“எல்லாத்தையும் அழிச்சிடறேன்” என்றாள் அக்கா.

“அண்ணி, ஒரேயடியா அழிக்காதீங்க. ரீசைக்கிள் பின்ல போடுங்க. ஒரு பாதுகாப்புக்கு.”

“டேய், நீ கொஞ்சம் சும்மா இரு” என்றார் அத்தான். தம்பியிடம் அவர் அப்படிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

‘தொடாதீங்க’ ஒரேயடியாகத் தொலைந்தது. முக்கால்வாசி டிஸ்க் காலியாயிற்று. மூன்று இருபதுக்கு அக்கா எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். கூடத்தில் மூன்று ஆண்கள், மூச்சுவிட்டாலும் பதிவாகிவிடுமோ என்று பயந்து, டீ டம்ளரைக்கூட மேஜையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உள்ளே வில்லி மாடிக்குப் போய்ச் சேர்ந்தாள். என்ன செய்தாள் என்று கேட்கவில்லை. மூன்று ஐம்பத்திரண்டுக்கு அக்கா வெளியே வந்தாள்.

“போயிடுச்சு. கிடைச்சிடுச்சுன்னு அந்தம்மா பதிலும் போட்டுட்டாங்க.”

ரீஸ்டார்ட்தான் முதலில் தொண்டையைச் செருமினார். இனிமேல் அவர் மன்னிப்புக் கேட்பார் என்று நீங்கள் எதிர்பார்த்தால், இந்த இனத்தைப் பற்றி நான் இவ்வளவு நேரம் சொன்னது வீண்.

“நல்லவேளை அண்ணி, நான் அவ்வளவையும் எடுத்து வச்சிருந்தேன்” என்றார். “இல்லேன்னா இன்னைக்கு அவசரத்துக்கு எதை அழிச்சிருப்பீங்க?”

அத்தான் தலையை ஆட்டினார். அதில் ஒரு நியாயம் இருப்பதாக அவருக்குப் பட்டிருக்கிறது. அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், அவருக்குத் தெரிந்த பாஸ்வேர்டை மாற்றிவிட்டு வந்து, இன்னொரு டீ வேண்டுமா என்று கேட்டாள்.

போகட்டும். அவரை விடுங்கள், உங்களைக் கேட்கிறேன். ‘இடம் இல்லை’ என்று நான் முதலில் சொன்ன இடத்திலேயே, “எந்த ஃபோல்டர் பெரிசுன்னு பார்த்தா முடிஞ்சுது, இதுக்கா இவ்வளவு” என்று உங்களுக்குள் ஒரு குரல் கேட்டதா? நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி ஒரு ‘ச்’ வந்ததா? இப்போதுகூட, அக்கா வாங்கவேண்டிய டிஸ்க் எது, ஏற்றவேண்டிய புரோகிராம் எது, அதை ஏற்ற யாரால் முடியும் என்று மனசுக்குள் ஒரு பட்டியல் ஓடுகிறதா?

மன்னிக்கவேண்டும். அக்கா வீட்டு விலாசத்தை நான் யாருக்கும் தருவதில்லை.