விறகு வள்ளத்தின் வீரமரணம்

உலகப் போர்க்கலை 'யதார்த்தம்' என்னும் சிகரத்தை எட்டிப்பிடித்த அந்த அறுபத்துநான்காம் ஆண்டுக் காலைப்பொழுதில், மஹ்ரூபுக்கு இடுப்பு முறிகிற நோவு. மூதூரிலிருந்து திருகோணமலைக்கு விறகு கொண்டுவருகிறவன் அவன். அன்று காற்று இல்லை. கொட்டியாரக் குடா முழுவதையும் தனியாளாகத் தண்டு வலித்தே கடந்திருந்தான். சொத்தென்று அவனுக்கு இருந்தது அந்த வள்ளம் ஒன்றுதான். அது ஓடினால் வீட்டில் உலை கொதிக்கும். ஓடாவிட்டால் மனைவி லைலா கொதிப்பாள்.

இறங்குதுறையில் வெள்ளைக் கைப்பட்டி கட்டிய ஒருவர் நின்றார். அன்று துறைமுகத்தில் ஒத்திகைப் போர்; அதை நடத்தும் போர்ப்பயிற்சிக் கந்தோரின் நடுவர், ஞானசேகரம். வெண்கட்டியால் வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் பெரிய பெருக்கல் குறி ஒன்று போட்டுவிட்டு, அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார்.

"நானா, வள்ளம் தாண்டு கடலுக்கடியில போச்சுது."

"எந்த வள்ளம் சேர்?"

"நீங்கள் நிக்கிற வள்ளம்தான். குண்டு பட்டிட்டுது."

மஹ்ரூப் குனிந்து தன் இடுப்புத்துணியைப் பார்த்தான். "என்ட சாரத்தில ஒரு சொட்டுத் தண்ணி இல்லயே சேர்."

"யதார்த்தமாய்க் கதையுங்கோ. குண்டு விழேக்க சாரத்தை ஆர் பாக்கிறது? வள்ளத்தோட மூண்டு பேரும் செத்தாச்சு."

"நான் தனியத்தானே வந்தனான்?"

"இந்த நீளத்துக்கு மூண்டு பேர் எண்டு புத்தகத்தில கிடக்கு."

"அப்ப மத்த ரெண்டு பேரையும் பிடிச்சுத் தாங்க சேர். விறகு இறக்க ஆளில்லாமல் நிக்கிறன்."

நடுவர் சிரிக்கவில்லை. சிரிக்க அவருக்கு அதிகாரமும் இல்லை. முந்திய வருடப் பயிற்சியில் இழப்பு பூச்சியம். 'இது போரா, பள்ளிக்கூடச் சுற்றுலாவா?' என்று மேலிடம் கேட்டிருந்தது. ஆகவே இம்முறை நூற்றுக்கு முப்பது இழப்புக் காட்டியே ஆகவேண்டும். அதிகாரிகளின் படகுகளை மூழ்கடித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர்கள் எதில் வருவார்கள்? எனவே துறைமுகத்தின் 'இராணுவ ஆபத்து' முழுவதும் விறகு, மீன், முட்டை ஏற்றிய வள்ளங்களுக்குப் பாரபட்சமின்றிப் பகிர்ந்தளிக்கப்பட்டது. மத்தியானத்துக்குள் ஏழு வள்ளங்கள் 'தாண்டுவிட்டன'. ஒரு முட்டைகூட உடையவில்லை.

கடலடியில் கிடக்கும் விறகை இறக்குவது விதிக்கு மாறு என்பதால், மஹ்ரூப் அதன் மேலேயே சாய்ந்து கிடந்தான்.

பிற்பகல் மூன்று மணிக்குத் 'தாக்குதல் அணி'யின் படகு பாறையில் ஏறிப் பிளந்தது. அந்தப் பாறை, போன வருடம் ஒரு தரப்புக்கு மட்டும் உதவியதாக முறைப்பாடு வந்ததால், பயிற்சி வரைபடத்திலிருந்து நீக்கப்பட்டிருந்தது. பாறைக்கு அறிவிக்க மறந்துபோனார்கள்.

எட்டுப் பேர் காலில் மாட்டிய சப்பாத்தோடு தண்ணீரில் தத்தளித்தார்கள். ஞானசேகரம் ஓடிவந்தார்.

"நானா, வள்ளத்தை எடுங்கோ! கெதியா!"

"குண்டு பட்ட வள்ளம் ஓடுமா சேர்?"

"விளையாடாதேங்கோ! ஆக்கள் சாகப்போறாங்கள்!"

"விளையாட்டை நீங்கதானே தொடங்கின!" என்றவனின் கை ஏற்கெனவே விறகைக் கடலுக்குள் எறிந்துகொண்டிருந்தது.

எட்டுப் பேரையும் அள்ளி ஏற்றினான். ஏற்றும்போதே ஒரு அலை வள்ளத்தைத் தூக்கிப் பாறையில் மோதியது. அடிப்பலகை பிளந்தது. இரண்டு பேர் தொப்பியால் தண்ணீர் இறைக்க, மஹ்ரூப் பல்லைக் கடித்துக்கொண்டு தண்டு வலித்தான். எட்டுப் பேரும் உயிரோடு கரையேறினார்கள். கடைசியாக அவன் குதித்ததும், எல்லோரும் பார்த்திருக்க, வள்ளம் தாண்டது. இம்முறை மேற்கோள் குறி இல்லாமல்.

ஒரு மாதம் கழித்து, வள்ளத்துக்கு நட்டஈடு கேட்டுக் கந்தோருக்குப் போனான். ஞானசேகரம் மிகுந்த மரியாதையோடு கதிரை கொடுத்து, முடிவை வாசித்தார்: "காலை ஏழு மணிக்கு மூழ்கிய வள்ளம் அன்றே பிற்பகல் மூன்று மணிக்கு மீண்டும் மூழ்கியிருக்க முடியாது. எனவே நட்டம் ஏதும் ஏற்படவில்லை."

"அப்ப அந்த எட்டுப் பேரையும் நான் எதில கொண்டுவந்தனான் சேர்?"

நடுவர் தாள்களைப் புரட்டினார். "எட்டுப் பேரும் நீந்தி வந்தவை எண்டு எழுதிக் கிடக்கு, நானா. பதக்கமும் குடுத்தாச்சு."

பயிற்சிக்கு யதார்த்தத்தில் நூற்றுக்கு நூறு புள்ளி கிடைத்தது. குறை சொல்ல ஏலாது, நியாயமான புள்ளிதான். சண்டை பிடித்தவர்கள் பதக்கத்தோடு வீட்டுக்குப் போனார்கள். விறகு கொண்டுவந்தவன் இன்று யாரோ ஒருவனின் வள்ளத்தில் கூலிக்குத் தண்டு வலிக்கிறான். உண்மையான போரிலும் இதுதானே நடக்கிறது?

போர்ப்பயிற்சிக் கந்தோர் மஹ்ரூபுக்கு ஒரு வள்ளம் கொடுக்கவேண்டும். இன்னும் கொடுக்கவில்லை.