கேமராவுக்கு ஜோடி தேடுகிறவர்

உலகத்தில் படம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், படம் எடுப்பதற்காகக் கேமரா வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டிலும் சேராமல், வாங்கிய கேமராவுக்கு ஒரு ஜோடி தேடியே காலத்தை ஓட்டுகிற மூன்றாவது இனம் ஒன்று உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பல் மருத்துவராக இருப்பார், வங்கி மேலாளராக இருப்பார். என் பக்கத்து வீட்டுக்காரர் லிஃப்ட் கம்பெனியில் இன்ஜினியர்.

அவரிடம் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் ஒன்று இருக்கிறது. கண் வைத்துப் பார்க்க ஒரு சின்ன ஜன்னல், படம் விழத் தனியாக ஒரு லென்ஸ், இரண்டும் வேறு வேறாக உள்ள வகை. அதை வாங்க மூன்று வருடம் யோசித்தார். வாங்கிய மறு வாரமே, "டிஜிட்டல்ல எல்லாம் இருக்கு சார், உயிர்தான் இல்ல" என்று பெருமூச்சு விட்டார். ஆகவே கூடவே ஒரு ஃபிலிம் கேமரா வேண்டும். எது? இதே லென்ஸ் அதிலும் பொருந்த வேண்டும், வெளிச்சம் அளக்கும் மீட்டர் வேண்டும், மீட்டர் இருந்தால் பேட்டரி தீர்ந்துபோகும் என்பதால் மீட்டர் வேண்டாம், நிறம் கறுப்பாக இருக்க வேண்டும், ஆனால் ஓரங்களில் கொஞ்சம் தேய்ந்திருக்க வேண்டும், தேய்த்தவர் பெரிய கலைஞராக இருந்தால் உத்தமம், ஷட்டர் சத்தம் பூனை நடப்பதுபோல இருக்க வேண்டும். மருமகன் தேடுகிறவர்கள்கூட இவ்வளவு விசாரிப்பதில்லை.

இப்படி எட்டு மாதம் போனது. அதற்குள் அவர் மகளுக்கு மேற்படிப்புக்காகக் கடல் தாண்டிப் போகும் நாள் வந்துவிட்டது. நாலு வருடம் திரும்ப மாட்டாள். மனைவி கேட்டது ஒன்றே ஒன்று.

"ஏங்க, அவ கிளம்பறதுக்குள்ள நானும் அவளும் நிக்கிற மாதிரி ஒரு படம் எடுத்துக் குடுங்க. ஹால்ல மாட்டணும்."

அவள் கிளம்புவதற்கு முந்தின நாள்தான் ஐயா ஃபிலிம் கேமராவை வாங்கி முடித்தார், அதுவும் ரேஞ்ச்ஃபைண்டர்தான். மறுநாள் வாசலில் பெட்டிகள், தெருவில் வண்டி. மனைவி போனை எடுத்தார்.

"அதை உள்ள வைம்மா. இந்த நாளைப் போய் போன்ல எடுப்பாங்களா?"

"அப்பா, வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார்ப்பா!"

"ஃபிலிம்ல அவசரம் ஆகாதும்மா. கொஞ்சம் வெளிச்சத்துக்கு வா."

அம்மா அழுததும், மகள் தன் சட்டைக் கையால் அம்மாவின் கண்ணைத் துடைத்ததும், துடைத்தவளே அழுததும், எல்லாம் கேமராவின் சின்ன ஜன்னலில் பளிச்சென்று தெரிந்தது. முப்பத்தாறு தடவை அழுத்தினார்.

நாலு நாள் கழித்து லேப்காரர் போன் செய்தார். "சார், ஃபிலிம் சுத்தமா இருக்கு. ஒரு படம்கூட விழல. லென்ஸ் மூடியக் கழட்டினீங்களா?"

கழற்றவில்லை! ஜன்னல் வழியாகப் பார்க்கிறவருக்கு மூடி எப்படித் தெரியும்? டிஜிட்டலாக இருந்தால் பின்னால் இருக்கும் திரையாவது காட்டிக்கொடுத்திருக்கும்.

மனைவி படத்துக்காக ஹாலில் ஆணி அடித்து வைத்திருந்தார். அதில் சாவிக்கொத்தை மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். ஆறுதல் சொல்லலாம் என்று போனேன். மனிதர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"என் தப்புதான் சார். ரேஞ்ச்ஃபைண்டருக்கு ஜோடியா இன்னொரு ரேஞ்ச்ஃபைண்டரை எடுத்திருக்கவே கூடாது. லென்ஸ் வழியாவே பார்க்கிற எஸ்எல்ஆர்னா, மூடி இருந்தா இருட்டாத் தெரிஞ்சிருக்கும்ல? ரெண்டு மாடல் பார்த்து வச்சிருக்கேன். நீங்க ஒரு அபிப்பிராயம் சொல்லுங்க."

சொல்லாமல் திரும்பி வந்திருக்க வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். இரண்டரை மணி நேரம்!

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் அவர் வாங்கியது எந்த மாடல் என்று நான் கடைசிவரை சொல்லவில்லை. அந்தப் பெண் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாளா என்று கேட்பதற்கு முன்னால், "அது என்ன கேமரா?" என்று கேட்க உங்கள் வாய் நமநமத்திருந்தால், தயவுசெய்து இதை மூடி வைத்துவிட்டு, கையில் எது இருக்கிறதோ அதால், வீட்டில் இருக்கிறவர்களை இப்போதே ஒரு படம் எடுத்துவிடுங்கள்.