லேப்டாப்புக்கு வைத்த பொட்டு

வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். அந்த வரிசையில் என் வீட்டு லேப்டாப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். நான் சிறுசேரியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். யாரோ எழுதிய சாஃப்ட்வேர் எங்கோ மெதுவாக ஓடினால், ஏன் என்று கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை. முடிச்சூரிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் போய்த் திரும்புவதற்குள் நானும் மெதுவாகத்தான் ஓடிக்கொண்டிருப்பேன். அதைக் கண்டுபிடிக்க ஆளில்லை.

என் மனைவி கவிதா, வீட்டு உள் அலங்காரத்துக்குக் கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிறவள். குழந்தை பிறந்ததும் விட்ட வேலையை மறுபடி பிடிக்க அலைந்துகொண்டிருந்தாள். எல்லோரும் "வேலையில இவ்ளோ வருஷம் கேப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார்கள். ஒரே ஒரு கம்பெனி மட்டும், வீட்டிலிருந்தே வேலை, ஆன்லைனில் நாங்கள் பார்க்கப் பார்க்க ஒரு சமையலறையை வரைந்து காட்டுங்கள் என்றது. அதற்காகத்தான் அந்தப் புது லேப்டாப் வந்தது.

பெட்டியைப் பிரித்ததுமே அப்பா சந்தனக் கிண்ணத்தோடு ஆஜர். ரயில்வே டிக்கெட் கவுன்டரில் இருந்து ஓய்வு பெற்றவர். சந்தனம், குங்குமம் வைக்காத எந்த மெஷினையும் அவர் நம்புவதில்லை. வீட்டில் மிக்ஸிக்கும் உண்டு, மோட்டாருக்கும் உண்டு.

"மாமா, மேல வைக்காதீங்க, கறை படிஞ்சிடும்," என்றாள் கவிதா.

"யார் கண்ணுலயும் படாத இடமா பாத்து வச்சுக்கறேம்மா. கவுன்டர் மெஷினுக்கு சர்வீஸ் பூரா வச்சவன் நான். ஒரு நாள் அது படுத்ததில்ல."

எங்கே வைத்தார் என்று நான் கேட்கவில்லை. (கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.)

அடுத்த நாளே கவிதா ஆரம்பித்தாள். "ஏங்க, ஒரு சுவரைப் பிடிச்சு இழுத்தா, அது நகர்றதுக்குள்ள குக்கர் மூணு விசில் விட்டுடுது."

"நீ நெறைய டேப் திறந்து வச்சிருப்ப," என்றேன். உலகத்தில் எந்தக் கணவனும் முதலில் சொல்வது இதைத்தான்.

டேப்பை மூடினாள். அப்போதும் அதே நடை. ஆபீஸில் நாள் முழுக்க எதைச் செய்தேனோ அதையே வீட்டுக்கு வந்து இலவசமாகச் செய்தேன். வைரஸைத் தடுக்க வந்த சாஃப்ட்வேரைத் தூக்கினேன். கம்பெனிக்காரன் தானமாகக் கொடுத்திருந்த குப்பைகளைத் துடைத்தேன். இன்டர்நெட் கொடுக்கும் கேபிள்காரரைக் கூப்பிட்டுத் திட்டினேன், பாவம். கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றினேன். திறந்ததும் குதிரை மாதிரி ஓடும். கவிதா வரைய உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் நொண்டும். தாம்பரத்தில் வாங்கிய கடைக்கே தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் திறந்தார், மூடினார். "புச்சு பீஸ் சார். அப்டித்தான் இர்க்கும். ஓட ஓட செட்டாயிடும்," என்றார், புது ஸ்கூட்டருக்குச் சொல்வது போல.

ஒரு விஷயம் மட்டும் நன்றாக இருந்தது. கவிதா வேலை செய்ய உட்கார்ந்தால் அறை முழுக்கச் சந்தன வாசனை. வேலை அதிகமாக அதிகமாக வாசனையும் கூடியது. அப்பா சோபாவில் சாய்ந்தபடி மூச்சை இழுத்துவிட்டு, "தெய்வ கடாட்சம்டா," என்பார். நானும் இழுத்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினேன். எங்கள் தொழிலில் மெஷின் வேறு ஏதோ தேசத்தில் இருக்கும். அதைத் தொட்டுப் பார்க்கிற, மோந்து பார்க்கிற பழக்கமே கிடையாது.

பரீட்சை நாள் வந்தது. கவிதா முந்தின நாளிலிருந்தே சரியாகச் சாப்பிடவில்லை. "இதுவும் போச்சுன்னா இனிமே தேட மாட்டேங்க," என்றாள். அப்போதுதான் என் மூளையில் ஒரு யோசனை பளிச்சிட்டது. "பேசறத போன்ல ஸ்பீக்கர்ல போட்டு வச்சுக்கோ. லேப்டாப்புக்குப் பாரம் குறையும்." என் அனுபவத்தின் மொத்த சாரம் அது.

பாதிச் சமையலறை வந்தது. மேடை வந்தது, சிங்க் வந்தது. அடுப்பை வைக்கப் போகும்போது திரை அப்படியே உறைந்து, பிறகு கறுப்பாகிவிட்டது. அறை கோயில் கர்ப்பக்கிரகம் மாதிரி மணத்தது. நான் பாய்ந்து லேப்டாப்பைத் தூக்கினேன். கை சுட்டது. வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அதைத் திருப்பிப் பார்த்தேன்.

அடியில், காற்றுப் போக வேண்டிய துளை வரிசை முழுக்கச் சந்தனம். காய்ந்த சந்தனத்தின் மேல் புதுச் சந்தனம், அதன் மேல் இன்னும் புதுச் சந்தனம். நடுவில் குங்குமம்.

"யாரு பண்ணது இது?" என்று கத்தினேன்.

"நான்தான். நீதானேடா தினம் ஸ்லோ ஸ்லோன்னு புலம்பின? ஒவ்வொரு தடவையும் கூடக் கொஞ்சம் சந்தனம் வச்சேன்."

"அப்பா, அது மூச்சு விடற இடம்ப்பா!"

"மூக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வச்சிருப்பேனா? இத்தனை நாளா கட்டிக்கிட்டு அழுதியே, ஒரு தடவை திருப்பிப் பாத்தியா?"

கவிதா கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவி, கரகரவென்று சுரண்ட ஆரம்பித்தாள். அப்போது மேஜையிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. போன் அத்தனை நேரமும் ஸ்பீக்கரில்தான் இருந்தது.

"கவிதா, அவசரமே இல்ல. சந்தனத்தைச் சுரண்டிட்டு, அது ஆறினப்புறம் வாங்க. நான் இருக்கேன்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "சார் எங்க வேலை பண்றாங்க?"

கவிதா என்னைப் பார்த்தாள். "சாஃப்ட்வேர் ஏன் ஸ்லோவா ஓடுதுன்னு கண்டுபிடிக்கிற வேலை மேடம்."

அந்தப் பக்கம் சிரித்தது ஒருவர் இல்லை, மூன்று பேராவது இருக்கும். நான் பழைய டூத் பிரஷ் தேடுகிற சாக்கில் சமையலறைக்குப் போய் நின்றுகொண்டேன்.

வேலை கிடைத்துவிட்டது. வரைந்ததைவிட, பதறாமல் சுரண்டியதுதான் பிடித்தது என்று அந்த மேடம் பிறகு சொன்னாராம். இன்றும் அவள் ஆபீஸில் எது மெதுவாக ஓடினாலும் "சந்தனம் அடைச்சிருக்கா பாருங்க" என்றுதான் கேட்கிறார்களாம். அப்பாவோ, வேலை கிடைத்ததே சந்தனத்தால்தான் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.

போன மாதம் என் ஆபீஸில் எனக்கு ஒரு புது லேப்டாப் கொடுத்தார்கள். பெட்டியைப் பிரிக்கும்போதே அப்பா கிண்ணத்தோடு வருவதைப் பார்த்து, அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"பயப்படாதடா, அது நல்லாத்தான் ஓடும்," என்று சொல்லிவிட்டு, சந்தனத்தை எடுத்து என் நெற்றியில் அப்பினார்.